ஊர் சுற்றும் குட்டிப் புகையிரதம்



விளையாட்டுப் புகையிரத எஞ்சின் ஒன்று. அதிலே சங்கிலியில் கோத்த ஓர் உலோகத் தகடு. தகட்டில் ஓர் இலக்கம். 'புகையிரத நிலையங்களைப் பார்க்க ஆசை' என்று சொந்தக்காரர் இணையத்தளத்தில் எழுதிவிட்டு அதை வழியனுப்புகிறார். பிறகு அது முன்பின் அறியாதவர்களின் கைகளில் ஊர் ஊராகப் போகிறது.

'ஜியோகேச்சிங்' எனும் விளையாட்டு இது. செய்மதியின் உதவியோடு, ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேட வேண்டும். 2000 மே 3ஆம் திகதி அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் வைத்த வாளியே முதலாவது. பெட்டியிலுள்ள மற்றச் சாமான்களை எடுப்பவர், பதிலுக்கு ஒன்றை வைத்தால் போதும். எஞ்சின் அப்படியல்ல. எடுத்தவர் அதன் இலக்கத்தைப் பதிந்து, இன்னொரு பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பல இடைவழியில் காணாமற் போகின்றன. எல்லாமே களவு என்று சொல்லமாட்டேன். பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான்தானே! மேசை லாச்சியில் போட்டு மறந்துவிடும் பெரியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அதனால்தான் சிலர், 'நான் பயணி, என்னை வைத்திருக்க வேண்டாம்' என்ற குறிப்பையும் கட்டி அனுப்புகிறார்கள். தகட்டை வாங்கும்போதே அதே இலக்கத்தில் இரண்டாவது ஒன்றும் கிடைக்கும். எஞ்சின் தொலைந்தால், அதை வேறொரு எஞ்சினில் கட்டி மறுபடி அனுப்பலாம்.