பொண்ணுக்கு ஏன் கிளட்ச் கூடாது?

மொதல்ல ஒரு சின்ன விளக்கம். ட்ரையல்ஸ்னா துணிக்கடை ட்ரையல் ரூம் இல்லை, ஷோரூம்ல குடுக்கற டெஸ்ட் ரைடும் இல்லை. பைக்ல அது ஒரு தனி விளையாட்டு. யார் முதல்ல வர்றாங்கன்னு பார்க்கற ரேஸ் கிடையாது. பாறை, ஓடை, மரக்கட்டை, செங்குத்து மேடுன்னு வழியில என்ன இருந்தாலும் கால் தரையில படாம தாண்டணும். ஒரு தடவை கால் ஊணினா 1 புள்ளி, ரெண்டு தடவைன்னா 2, மூணோ அதுக்கு மேலயோன்னா 3. விழுந்து கிடந்தாலோ எல்லை தாண்டிப் போனாலோ 5. கடைசில யாருக்குப் புள்ளி கம்மியோ அவங்கதான் ஜெயிச்சாங்க. நம்ம பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்கு நேர் எதிர் :-)

பைக்கும் விசித்திரமா இருக்கும். சீட்டே இருக்காது, நின்னுகிட்டேதான் ஓட்டணும். எடை 70 கிலோ பக்கம் (ஸ்ப்ளெண்டர் 110 கிலோவுக்கு மேல). டயர்ல காத்து ரொம்பக் கம்மியா வெச்சிருப்பாங்க, அப்பதான் ரப்பர் பாறையைக் கவ்விப் பிடிக்கும். நடக்கற வேகத்துல நடக்கற விளையாட்டு இது.

வேலூர்லேர்ந்து ஆரணி போற ரோட்டுல, ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கற எங்க கண்ணமங்கலம் பக்கம் பாறைக்கும் காஞ்ச ஓடைக்கும் பஞ்சமே இல்லை. அந்த மண் பாதைகள்ல பொம்பளைங்க வண்டி ஓட்டறதைக் கொஞ்சம் நின்னு கவனிங்க. டிவிஎஸ் எக்ஸெல்ல பின்னாடி புல்லுக்கட்டு, முன்னாடி பால் கேன், நடுவுல ஒரு பிள்ளை. அதோட வாய்க்கால் வரப்பைத் தாண்டிப் போயிட்டே இருப்பாங்க. பேலன்ஸ் வேற யாருகிட்ட கத்துக்கணும் அவங்க? ஆனா இதைத் திறமைன்னு யாரும் கணக்குல எடுத்துக்கறதில்லை. அதே பாதையில ஒரு பையன் பல்சர்ல வீலிங் பண்ணினா ஊரே நின்னு பார்க்கும்.

அந்தப் பொம்பளைங்ககிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். கிளட்ச். எக்ஸெல்லயும் சரி, ஸ்கூட்டியிலயும் சரி, இடது கையில இருக்கறது பிரேக். கியர் வண்டியில அதே இடத்துலதான் கிளட்ச் இருக்கும். ட்ரையல்ஸ் முழுக்க அந்த ஒரு லிவர்லதான் நடக்குது. ஒரே ஒரு விரலால கிளட்சைப் பாதி பிடிச்சு, எஞ்சினை உறும விட்டு, ஃப்ளைவீல்ல சக்தியைச் சேர்த்து வெச்சு, பாறைக்கு முன்னால டக்குனு விட்டா வண்டி படி ஏறற மாதிரி எகிறும். ஸ்கூட்டியில எஞ்சின் வேகம் ஏறினா கிளட்ச் தானா பிடிச்சுக்கும், நாம சொல்றதைக் கேட்காது. (நம்ம தொழில் பாஷையில சொல்லணும்னா, எல்லாத்தையும் உள்ள மறைச்சு வெச்ச லைப்ரரி. வேலை நடக்கும், உள்ள கை வைக்க முடியாது.)

இது தற்செயலா நடந்த விஷயம் இல்லைங்கறது என் கருத்து. 2018ல் தமிழக அரசு வேலைக்குப் போற பெண்களுக்கு மானியத்துல ஸ்கூட்டர் குடுத்துச்சு. விலையில பாதி அல்லது 25,000 ரூபாய், ரெண்டுல எது கம்மியோ அது. நல்ல திட்டம்தான், எத்தனையோ பேர் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கறது மிச்சமாச்சு. ஆனா அதுவும் கியர் இல்லாத வண்டிக்குத்தான். லைசென்ஸ்லயும் 'கியர் இல்லாதது'ன்னு தனி வகை இருக்கு. நம்ம வீடுகள்ல அக்கா தங்கச்சிங்க பெரும்பாலும் அதோட நின்னுடுவாங்க. தம்பிக்கு மட்டும் பத்தாவது முடிக்கறதுக்குள்ள அப்பாவோட ஸ்ப்ளெண்டர் சாவி கைக்கு வந்துடும்.

வெளிய என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1927லயே சர்வதேச ஆறு நாள் ட்ரையல் போட்டியில (அப்ப அது நீண்ட தூர நம்பகத்தன்மைப் போட்டி) மார்ஜரி காட்டில், எடித் ஃபோலே, லூயி மெக்லீன்னு மூணு பிரிட்டிஷ் பெண்கள் சேர்ந்த அணி சில்வர் வேஸ் கோப்பையை அடிச்சுட்டுப் போச்சு. ஸ்பெயினோட லாயா சான்ஸ் ஏழு வயசுல முதல் ட்ரையல் போட்டியில இறங்கினவங்க. 2000க்கும் 2013க்கும் நடுவுல பெண்கள் ட்ரையல் உலகப் பட்டத்தை 13 தடவை ஜெயிச்சிருக்காங்க. 2015 டகார் ராலியில ஆண்களும் பெண்களும் சேர்ந்த பைக் பட்டியல்ல 9வது இடம். பாலைவனத்துல அவ்வளவு வேகமா போறதுக்கு முன்னாடி, மெதுவா போறதைப் பல வருஷம் கத்துக்கிட்டவங்க.

நம்ம பக்கம் ஐஸ்வர்யா பிஸ்ஸே. பெங்களூர்ப் பொண்ணு, ஓசூர் டிவிஎஸ் ரேசிங் அணிக்காக ஓட்டினாங்க. 2019ல் எஃப்ஐஎம் பாஹா உலகக் கோப்பையில பெண்கள் பிரிவுல முதலிடம், ஜூனியர் பிரிவுல ரெண்டாவது இடம். அதுக்கு முந்தின வருஷம்தான் ஸ்பெயின்ல விழுந்து பலமா அடிபட்டிருந்தாங்க. அந்த நெஞ்சுரத்துக்குப் பெரிய சல்யூட். ஆனா பத்திரிகைகள் 'முதல் இந்தியப் பெண்'ன்னு போட்டுட்டு அடுத்த செய்திக்குப் போயிட்டாங்க. பத்தாவது பொண்ணு எங்கேர்ந்து வருவாங்கன்னு ஒருத்தரும் கேட்கலை. இங்க பைக் போட்டின்னாலே நேரா வேகம்தான். வேகத்துக்கு ட்ராக் வேணும், ஸ்பான்சர் வேணும், வீட்டுல பயப்படாத அம்மா அப்பா வேணும். இருங்காட்டுக்கோட்டைக்கும் கோயம்புத்தூருக்கும் கண்ணமங்கலத்துப் பொண்ணு எப்படிப் போவா?

ட்ரையல்ஸுக்கு ட்ராக் வேண்டாம். பத்து பாறை, கொஞ்சம் ரிப்பன், கால் ஊணினதை எண்ண ஒரு ஆள். (காட்டுக்குள்ள போகாதீங்க சாமி, வனத்துறை வண்டியைப் பிடுங்கிட்டுப் போயிடும். பட்டா நிலத்துலயே பாறை கிடக்கு.) அடியே படாதுன்னு சொல்ல வரலை. பாறையிலேர்ந்து விழுந்தா மணிக்கட்டு உடையும்தான். ஆனா நூறு கிலோமீட்டர் வேகத்துல விழறதும் இதுவும் ஒண்ணு இல்லை.

'இனிமே எல்லாம் எலெக்ட்ரிக், கிளட்சே இருக்காது, நீ வேற'ன்னு ஒரு நண்பர் சாட்ல வம்புக்கு வந்தார். நியாயமான கேள்விதான். ஆனா பிரான்ஸ்ல எலெக்ட்ரிக் மோஷன்னு ஒரு கம்பெனி மின்சார ட்ரையல்ஸ் பைக் செய்யுது. மோட்டாருக்குக் கிளட்ச் தேவையே இல்லைன்னாலும் போட்டி மாடல்கள்ல கிளட்ச் வெச்சாங்க. சக்தியைச் சேர்த்து வெச்சு டக்குனு விடறதுக்கு அது கை குடுக்கும்.

டிரைவிங் ஸ்கூல்காரங்க பொண்ணுங்களுக்கும் கியர் பைக் சொல்லித் தரட்டும். இன்ஜினியரிங் காலேஜ்ல மோட்டார் கிளப் நடத்தறவங்க பழைய வண்டி ஒண்ணை எடை குறைச்சு, சீட்டைக் கழட்டி, பொண்ணுங்க கையில குடுத்துப் பார்க்கட்டும். முதல் மாசம் கிளட்ச் மட்டும் போதும்.

வேற யோசனை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்'னு போட வர்றவங்க, உங்க ஊர்ல எக்ஸெல் பின்னாடி போற புல்லுக்கட்டு எத்தனை கிலோன்னு எடை போட்டு, அதையும் சேர்த்தே போடுங்க.