பட்டியலுக்கு வெளியே நிற்கும் கற்கள்

2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுரிமைக் குழு அடுத்தடுத்த நாட்களில் எடுத்த இரு முடிவுகள் நம் கவனத்துக்குரியவை. 11ஆம் தேதி, மராட்டியர் படைத்தலங்களுள் ஒன்றாக நமது செஞ்சிக் கோட்டை பட்டியலில் ஏறியது. மறுநாள், பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள கர்னாக் பெருங்கற்சின்னங்கள் ஏறின. லா சப்பலில் நண்பர்களுடன் பேசியபோது செஞ்சியைப் பற்றியே பேச்சு. எனக்கோ கர்னாக்கில்தான் நமக்கான பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது.

கர்னாக்கில் வரிசையாக நடப்பட்ட கற்கள் மட்டுமல்ல, பலகைக் கற்களால் அறை அமைத்து மேலே மண்மேடு எழுப்பிய ஈமச்சின்னங்களும் உண்டு. நம் கற்பதுக்கையும் ஏறக்குறைய இத்தகையதே: சுற்றிலும் பலகைக்கல், மேலே மூடுகல். பதுக்கை என்னும் சொல் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவிலும் இவற்றைக் காணலாம். ஆனால் நம்முடையவை இரும்புக்காலத்தவை. கர்னாக் அதற்கும் மிக முந்தியது. இரண்டுக்கும் உறவு கற்பிப்பது வீண்வேலை.

அதே கர்னாக்கில்தான், கடை ஒன்று கட்டுவதற்காக 39 சிறு கற்கள் அகற்றப்பட்டதாக 2023இல் செய்தி வெளியாகிப் பிரான்ஸ் முழுதும் சர்ச்சையானது. எல்லாம் விதிப்படியே நடந்தது என்றது நகரசபை. அவை உண்மையில் தொல்கற்கள்தாமா என்ற ஐயமும் எழுந்தது. ஆராய்ந்து பார்க்கக் கற்கள்தாம் அவ்விடத்தில் இல்லை.

இந்தியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை விதிக்கின்றன. செங்கல்பட்டு வட்டாரப் பதுக்கைகள் பல மத்திய தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ளன. பட்டியலில் இல்லாத பதுக்கைக்கு இந்த 100 மீட்டர் வேலி கிடையாது. சென்னையோ தெற்கு நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது.

2025 ஜனவரியில், சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசு அறிவித்தபோது பெருமைப்பட்டோம். அந்தக் கணிப்புக்கு அடிப்படை, ஈமத்தாழியில் கிடைத்த மாதிரி. கலையாத மண்ணிலிருந்து எடுக்கப்பட்டால்தான் அத்தகைய மாதிரிக்கு மதிப்பு. பொக்லைன் புரட்டிய பதுக்கையிலிருந்து எந்த ஆய்வுகூடமும் நம்பகமான காலத்தைத் தரமுடியாது.

ஆகவே, புதிய பெருமைகளைத் தேடுவதைவிட, ஊர் ஊராகப் பதுக்கைகளைக் கணக்கெடுத்து நில ஆவணங்களிலேயே குறித்துவைக்குமாறு அரசைக் கேட்பது முதல் வேலை என்பேன். "பாண்டவர் குழி" என்று சொல்லி நம்மைச் சிறுவயதில் அண்டவிடாத கற்கூட்டம் ஊரில் இருக்குமானால், அடுத்த விடுமுறையில் படமெடுத்து, சர்வே எண்ணுடன் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதலாமே!