கைதுப் பதிவும் குடிகளின் உரிமையும்

ஒருவனைப் பிடித்துச் செல்லுதற்கு அரசுக்கு உரிமை உண்டாயின், அவனை எங்கே வைத்திருக்கின்றது என்று கேட்டறிதற்கு அவனைப் பெற்ற தாய்க்கும் உரிமை உண்டு. முன்னைய உரிமையை நம் நாட்டார் யாவரும் அறிவர். பின்னையதும் சட்டத்தில் எழுதப்பட்டே உள்ளது. அறிந்தோர்தாம் மிகச் சிலர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பூந்தமல்லிக் கடைத்தெருவிலும் உழைத்துண்ணும் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்கு வருவோர் நம்மிடையே பலராதலின், இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று. ஆகவே கைதானவரைப் பற்றிய பதிவுகளை எங்கே, எவ்வாறு தேடிக் காண்பது என்பதனையும், அப்பதிவுகள் எவ்வளவு தூரம் வெளியாகத் திறந்திருத்தல் வேண்டும் என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

சிலப்பதிகாரம் பயின்ற நாம் கோவலன் கொலையுண்டமையை ஆராய்ச்சியில்லா அரச நீதியின் பிழை என்று பலகாற் பேசியிருக்கின்றோம். மற்றொன்றைப் பெரும்பாலும் பேசாது விடுகின்றோம். கணவன் கள்வன் எனப்பட்டதும் கொலையுண்டதும் அரண்மனையிலிருந்து கண்ணகிக்கு அறிவிக்கப்படவில்லை. ஊரிற் கேட்டு வந்த ஒருத்தியின் வாயிலாகவே, எல்லாம் முடிந்த பின்னர், அவள் அறிந்தாள். செய்தி முன்னரே வந்திருப்பின் அவள் சிலம்பு முன்னரே அவைக்கண் உடைந்திருக்கும் அன்றோ? குற்றத்தை ஆராய்தல் நீதியின் ஒரு பாதி. பிடித்ததை உற்றார்க்கு உடனே உரைத்தல் அதன் மறுபாதி என்பது எம் கருத்து.

இது பழங்கதைக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. 1976-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், கோழிக்கோட்டு மண்டலப் பொறியியற் கல்லூரியில் பயின்ற இராஜன் என்னும் மாணவன் காவலராற் கொண்டு செல்லப்பட்டான். நெருக்கடி நிலை நிலவிய அக்காலத்தில், ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற அவன் தந்தையார் ஈச்சர வாரியர் அதிகாரிகளையும் அமைச்சர்களையும் அணுகி மகனைப் பற்றி வினவி அலைந்தார். விடை கிடைத்திலது. நெருக்கடி நிலை நீங்கிய பின்னர், 1977-இல், கேரள உயர்நீதிமன்றத்தில் அவர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவினாலேயே உண்மை வெளிப்போந்தது. மகன் காவலில் இறந்துபட்டமையை அரசு ஒப்புக்கொண்டது. முதலமைச்சராயிருந்த கருணாகரன் பதவி விலகினார். அம்மாணவனின் உடல் இன்றுவரை கிடைத்திலது. அவன் பிடிக்கப்பட்ட அன்றே அவன் பெயர் ஒரு பலகையில் எழுதப்பட்டு நின்றிருக்குமாயின், இல்லையென்று சொல்ல யாருக்கு நாவெழும்?

அத்தகைய பலகையைச் சட்டம் பின்னர்ப் படிப்படியாக ஆக்கித் தந்தது. 1986-இல் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் டி. கே. பாசு என்பவர் காவற் சாவுகளைக் குறித்து உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் விடுத்தார். அக்கடிதமே மனுவாகக் கொள்ளப்பட்டு, 1996 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. கைதின் நாளும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பு எழுதப்படல் வேண்டும். அதிற் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியார் ஒருவரோ சான்றுக் கையொப்பமிடல் வேண்டும். கைதானவர் விரும்பும் ஒருவர்க்குச் செய்தி சொல்லப்படல் வேண்டும். 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்து, அங்குள்ள பலகையில் யாவரும் காண வைத்தல் வேண்டும் என்பன போன்ற 11 கட்டளைகளை அத்தீர்ப்பு விதித்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவிச் சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் இதற்கெனவே அமர்த்தப்படல் வேண்டும். கைதானோரின் பெயர், முகவரி, சாட்டப்பட்ட குற்றத்தின் தன்மை ஆகியவற்றை அவர் பேணி, நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கண்ணுக்குப் புலனாகக் காட்டுதல் வேண்டும். இது காவலர் காட்டும் சலுகையன்று, அவர்தம் கடமை.

இனித் தேடும் நெறியைக் கூறுவாம். முதற்கண் எல்லையை அறிதல் வேண்டும். அம்பத்தூர் 2011 முதற் சென்னை மாநகராட்சிக்கும், 2018 முதற் சென்னை வருவாய் மாவட்டத்துக்கும் உட்பட்டது. பூந்தமல்லியும் ஆவடியும் திருவள்ளூர் மாவட்டத்தன. ஆயினும் காவல் வகையில் இம்மூன்றும் 2022-இன் தொடக்கத்திற் செயற்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தைச் சார்ந்தன. இதனை அறியாதார் அம்பத்தூரிற் பிடிபட்டவனைத் தேடி வேப்பேரிக்கு ஓடுவர். அங்கிருந்து மீள்வதற்குள் அரை நாள் கழிந்துவிடும். எனவே முதலில் அவ்விடத்துக் காவல் நிலையத்துக்கும், அங்கே விடையில்லையேல் ஆவடி ஆணையரகத்தின் கட்டுப்பாட்டு அறைக்கும் செல்லுதலே முறை.

அடுத்தது முதல் தகவல் அறிக்கை. இதனை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றுதல் வேண்டுமென உச்சநீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டது. பாலியற் குற்றம், பயங்கரவாதம், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் முதலியன இதற்கு விலக்கு. நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் ஆண்டும் தெரியின் தமிழ்நாடு காவல் துறையின் இணையப் பக்கத்தில் அறிக்கையைத் தேடலாம். குற்ற எண் ஒன்று கையிலிருப்பின் மற்றவை யாவும் எளிதாம். ஆதலின் நிலையத்திற் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதுவே.

மூன்றாவது நீதிமன்றம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவர் நடுவர் முன் நிறுத்தப்படல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. எந்த நடுவர் முன், எப்பொழுது என்று காவலரைக் கேட்டறிக. காவலில் வைக்கும் ஆணையில் எந்தச் சிறைக்கு அனுப்பப்படுகின்றார் என்பது காணப்படும். வழக்கின் போக்கைக் குற்ற எண்ணாலும் கட்சிக்காரர் பெயராலும் மின் நீதிமன்ற இணையப் பக்கத்தில் தேடலாம். நம் பகுதியினர் பெரும்பாலும் புழல் மத்திய சிறைக்கே அனுப்பப்படுவர். 1837-இற் கட்டப்பட்ட பழைய சென்னைச் சிறைக்கு மாற்றாக 2006-இல் எழுந்த அவ்வளாகத்தில் தண்டனை பெற்றோர், விசாரணைக் கைதிகள், பெண்கள் ஆகியோர்க்குத் தனித்தனிச் சிறைகள் உள்ளன. விசாரணைக் கைதியைத் தண்டனையாளர் வாயிலிற் சென்று தேடுதல் வீண் அலைச்சல்.

இவை யாவும் பயன்படாவிடின் வேறு வழிகளும் உள. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, ஒருவர்தம் உயிரையோ விடுதலையையோ பற்றிய தகவலை 48 மணி நேரத்துக்குள் தரக் கட்டளையிடுகின்றது. வழக்குரைஞர்க்குப் பொருளில்லாதார் 15100 என்னும் எண்ணில் இலவசச் சட்ட உதவி கோரலாம். இறுதியாக உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு உண்டு.

ஈண்டு ஒரு தடை எழும். பதிவு இருந்தால் மட்டும் உயிர் காக்கப்படுமோ என்பர். 2020 ஜூன் திங்களிற் சாத்தான்குளத்து ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பதிவின்றி வைக்கப்பட்டாரல்லர். நடுவரின் ஆணையோடு கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அங்கிருந்தே இருவரும் சாவை எய்தினர். ஆம், பதிவு தானே ஒருவரையும் காவாது. அதனைப் படிக்கும் கண்ணும், ஐயுற்றுக் கேட்கும் நாவும் வேண்டும். எனினும் பின்னர் எழுந்த ஆராய்ச்சிக்கு நாளும் நேரமும் பெயரும் தாங்கிய ஏடுகளன்றோ பற்றுக்கோடாயின!

மற்றொரு தடை இதனினும் வலிது. பெயரை எல்லாரும் காணத் திறந்து வைத்தால், குற்றமற்றவனும் குற்றவாளியாகத் தூற்றப்படுவானே என்பதாம். இதனை யாம் மனமார ஒப்புகின்றோம். அமெரிக்க நாட்டிற் பல இடங்களிற் கைதானவர் புகைப்படத்தையே பொதுவில் வெளியிடுவர். அவற்றைத் திரட்டி இணையத்தில் இட்டு, நீக்குதற்குப் பணம் பறித்த வணிகரும் ஆங்கே தோன்றினர். அவ்வழி நமக்கு வேண்டா. கைது என்பது ஐயம், தீர்ப்பன்று. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் இன்னும் தீர்ப்புப் பெறாதவர். நம் பூந்தமல்லியிலேயே சான்றுண்டு. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் அங்கிருந்த தனி நீதிமன்றம் 1998-இல் 26 பேர்க்கும் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டே உச்சநீதிமன்றத்தால் அவருள் 19 பேர் விடுதலை பெற்றனர். தூக்குத் தீர்ப்பே இவ்வாறு மாறுமாயின், வெறுங் கைதைக் கொண்டு ஒருவன் வாழ்நாள் முழுதும் வேலையும் வீடும் பெண்ணும் மறுக்கப்படுதல் எவ்வளவு கொடிது!

ஆகவே எம் முடிபு இது. கைதுப் பதிவு அரசின்மேல் வைக்கும் விளக்கேயன்றிக் கைதானவன் நெற்றியிற் சுடும் சூடு அன்று. பலகை எந்நிலையத்திலும் இருத்தல் வேண்டும். தமிழில் தெளிவாக எழுதப்படல் வேண்டும். அன்றன்று புதுக்கப்படல் வேண்டும். ஆயின் காவலிலிருந்து ஒருவன் நீங்கிய பின்னர் அவன் பெயரும் அப்பலகையினின்று நீங்குதல் வேண்டும். புகைப்படம் கூடாது. சிறார் பெயரும் பாலியற் குற்றத்துக்கு ஆளானோர் பெயரும் சட்டம் விலக்கியாங்கு எஞ்ஞான்றும் மறைந்தே நிற்றல் வேண்டும். விடுதலையான செய்தியைக் கைதுச் செய்தி வெளிவந்த அதே பக்கத்தில் அதே எழுத்தளவில் வெளியிடுதலைச் செய்தித்தாள்கள் தம் அறமாகக் கொள்ளுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! எழுதப் படிக்கக் கற்ற நாம் இதன்பாற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் தெருவில் ஒரு வீட்டில் இச்செய்தி வந்து இடியென விழும்போது, அவ்வீட்டார்க்கு எங்குச் செல்வது, யாரை வினவுவது என்பது புலனாகாது; அண்டை வீட்டாரோ கதவைச் சாத்திக்கொள்வர். அந்நேரத்து உடன் சென்று குற்ற எண்ணைக் கேட்டெழுதி, நடுவர் மன்றத்தின் வாயில்வரை துணை நிற்பவனே கற்றவன். அவன் குற்றவாளிக்குத் துணை நின்றான் என்று ஊரார் கூறின் கூறுக. தீர்ப்பு வரும்வரை அவ்வீட்டில் குற்றவாளி எவனும் இலன். மகனைத் தேடும் தாய் ஒருத்தியே உளள்.