எந்தக் காட்டின் சதுர கிலோமீட்டர்?

ஒரு நிறுவனம் நடத்தும் தொழிலும் அது வாங்கும் மூலப்பொருள்களும் இயற்கையில் எவ்வளவு உயிரின இழப்பை உண்டாக்குகின்றன என்ற மதிப்பீடே பல்லுயிரியத் தடம். அந்த நிறுவனத்தின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கார்பன் தடத்தைப் பார்த்துப் பிறந்த கணக்கு இது. ஆனால், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு எங்கே வெளியேறினாலும் புவி வெப்பமாவதில் அதன் விளைவு ஒன்றுதான். உயிரினங்களுக்கு அது பொருந்தாது. ஒரு மலையில் மட்டுமே வாழும் தவளை இனம் அழிந்தால், வேறொரு கண்டத்தில் மரம் நட்டு அதை ஈடுகட்ட முடியாது.

இருந்தாலும், பல நாடுகளில் பரந்திருக்கும் முதலீடுகளை ஒப்பிட நிதி நிறுவனங்களுக்குப் பொது அலகு ஒன்று வேண்டியிருந்தது. அதிகம் புழங்குவது எம்.எஸ்.ஏ. என்கிற சராசரி உயிரின வள அளவுகோல். நெதர்லாந்து அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு முகமை பயன்படுத்தும் ‘குளோபியோ’ மாதிரியிலிருந்து வந்தது இது. மனிதக் கை படாத நிலத்துக்கு மதிப்பு 1; இயல்பான உயிரினம் ஏதும் மிஞ்சாத நிலத்துக்கு 0. 1இலிருந்து குறைந்த அளவே இழப்பு; அதைப் பரப்பளவால் பெருக்கினால் தடம் சதுர கிலோமீட்டரில் கிடைக்கிறது.

கணக்கு பெரும்பாலும் வயலுக்கோ காட்டுக்கோ போகாமலேயே முடிகிறது. நிறுவனம் எந்தத் துறையில், எந்த நாட்டில், எவ்வளவு விற்றது என்பதே தொடக்கம். நாடுகளுக்கிடையிலான உள்ளீடு - வெளியீட்டு அட்டவணைகளைக் கொண்டு அந்த விற்பனைக்குப் பின்னால் எவ்வளவு சோயா, பருத்தி, கனிமம் இருக்கும் என்று ஊகிக்கப்படுகிறது. அவற்றுக்குத் தேவையான நிலமும் வெளியேறும் மாசும் உயிரின இழப்பாக மாற்றப்படுகின்றன. பிரான்ஸின் சிடிசி பயோடைவர்சிட்டே நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘உலகப் பல்லுயிரிய மதிப்பெண்’ இந்த வழியில் இயங்குகிறது.

கிடைத்த எண்கள் சிறியவை அல்ல. நெதர்லாந்து நிதி நிறுவனங்களின் உலகளாவிய முதலீடுகளின் தடம், 58,000 சதுர கி.மீ. தூய இயற்கையை இழப்பதற்குச் சமம் என்று அந்நாட்டு மத்திய வங்கி 2020இல் மதிப்பிட்டது. நெதர்லாந்தின் நிலப்பரப்பே அவ்வளவு இல்லை. பிரான்ஸின் மத்திய வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டு நிதி நிறுவனங்களின் கையிலிருந்த பங்கு, பத்திரங்களின் தடத்தைக் குறைந்தது 1,30,000 சதுர கி.மீ. என்றது. இது காலங்காலமாகச் சேர்ந்த இழப்பு. ஆண்டுதோறும் புதிதாகச் சேர்வது 4,800 சதுர கி.மீ. என்று அதே ஆய்வு தனியாகச் சொன்னது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத எந்தத் தட அறிக்கையையும் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்: பழைய இழப்பு முழுவதும் இன்றைய முதலீட்டாளரின் வேலையல்ல, புதிய இழப்பு அவர் இன்று எடுக்கும் முடிவோடு தொடர்புடையது.

இந்த அலகின் பெரிய ஓட்டை அதன் எளிமையிலேயே இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் காட்டை முழுவதுமாகக் கான்கிரீட்டால் மூடுவதும், பத்து சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளத்தைக் குறைப்பதும் இதில் ஒன்றே. நீலகிரிச் சோலைக்காடும் வட ஐரோப்பாவின் ஊசியிலைக் காடும் ஒரே விலைதான். வேறெங்கும் இல்லாத உயிரினங்களுக்குத் தனி மதிப்பு கிடையாது. அந்தக் குறையை நிரப்ப பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) ‘ஸ்டார்’ அளவுகோல், சிவப்புப் பட்டியலில் உள்ள உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் கணக்கில் எடுக்கிறது. கடலும் அயல் ஊடுருவு இனங்களும் குளோபியோவின் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. மீன்பிடித் தொழிலில் முதலீடு செய்தவருக்கு இது வசதியான இடைவெளி.

பங்கிடும் முறையிலும் ஒரு விநோதம் உண்டு. நிறுவனத்தின் மொத்த மதிப்பில் முதலீட்டாளருக்கு உள்ள விகிதப்படி தடம் பிரிக்கப்படுவது வழக்கம். பங்குச் சந்தை ஏறினால் நிறுவன மதிப்பு கூடும். கடன் கொடுத்த வங்கியின் பங்கு சுருங்கும். ஒரு மரம்கூடக் கூடுதலாக முளைக்காமலே அந்த வங்கியின் தடம் குறைந்துவிடும்.

ஆகவே இந்த எண் எந்தத் துறையில் முதலில் விசாரிக்க வேண்டும் என்று காட்டத் தகும். சாதித்துவிட்டோம் என்று அறிவிக்க உதவாது. இயற்கை சார்ந்த நிதி வெளிப்பாட்டுக்கான பணிக்குழு (டி.என்.எஃப்.டி.) 2023 செப்டம்பரில் தந்த வழிமுறை, முதல் படியாக ‘இடத்தைக் கண்டறி’ என்பதை வைத்திருப்பது அந்த வகையில் சரி. ஆலை எங்கே, சுரங்கம் எங்கே, பாமாயில் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் சராசரியை விட்டு நேரடிக் கள ஆய்வுக்குப் போக முடியும். கொள்முதல் சங்கிலியில் இரண்டாம், மூன்றாம் அடுக்கிலேயே இந்தத் தகவல் பெரும்பாலும் அறுந்துபோகிறது.

2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மான்ட்ரியல் உலகப் பல்லுயிரிய உடன்பாட்டின் 15ஆம் இலக்கு, பெரிய நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் தங்கள் பல்லுயிரியத் தாக்கத்தைக் கணித்து வெளியிடச் செய்யுமாறு அரசுகளைக் கேட்கிறது. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், சூழல் உணர்திறன் மிக்க பகுதிகளிலும் அவற்றைச் சுற்றியும் தங்களுக்கு ஆலையோ அலுவலகமோ உண்டா என்பதை பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த அறிக்கையில் சொல்ல வேண்டும். அங்கே உயிரினங்களுக்கு என்ன ஆனது என்ற கேள்வி விருப்பப் பகுதியில் இருக்கிறது. வெளியாரின் சரிபார்ப்புக்காக 2023இல் தனியே பிரிக்கப்பட்ட ஒன்பது முக்கிய அம்சங்களில் பசுங்குடில் வாயு, நீர், ஆற்றல், கழிவு ஆகியவற்றுக்கு இடமுண்டு; பல்லுயிரியத்துக்கு இல்லை.