வாஞ்சியின் துப்பாக்கி நமக்கானது அல்ல

ஜூன் 17 வந்தால் போதும், நம் தம்பிகள் சிலரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வாஞ்சிநாதன் ஏறிவிடுகிறார். "அடிச்சாத்தான் அண்ணே பயம் வரும்" என்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஆள் தவறு, வழியும் தவறு.

1911-இல் அதே நாளில் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார் வாஞ்சி. அவர் சட்டைப் பையில் இருந்த கடிதத்தைப் படித்திருக்கிறீர்களா? மிலேச்சர்கள் சனாதன தருமத்தை அழிக்கிறார்களாம். மாடு தின்னும் ஐந்தாம் ஜார்ஜுக்கு இங்கே முடிசூட்டுவதாம். நம்மைச் சேரியில் அடைத்ததும், மாட்டுக்கறியைச் சொல்லி இழிவுபடுத்தியதும் எந்தத் தருமமோ, அதற்காக வெடித்த துப்பாக்கி அது.

அதற்காக ஆஷை மீட்பராக்கவும் வேண்டாம். சேரிப் பெண்ணை அக்ரகாரம் வழியே கொண்டுபோனதால்தான் அவரைக் கொன்றார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆதாரமில்லாத கதை நமக்கு எதற்கு? சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கிய வெள்ளை அதிகாரத்தின் கைதான் ஆஷ். கடிதமே போதும் சாட்சிக்கு.

"வாஞ்சி வேண்டாம், ஏழைக்காகக் குண்டு வீசியவன் இருந்தால்?" என்று கேட்கலாம். இருந்தான். 1893 டிசம்பரில் வைலான் என்ற அராஜகவாதி, பட்டினி கிடப்பவர்கள் பெயரால் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குண்டு வீசினான். யாரும் சாகவில்லை. சில நாளிலேயே பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அவன் தலை போனது. ஏழையின் தட்டில் ஒரு பருக்கை கூடவில்லை.

இப்போது 1908 தூத்துக்குடியைப் பாருங்கள். கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சிவா துணையோடு வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. துப்பாக்கி வாங்கித் தராததை வேலைநிறுத்தம் வாங்கித் தந்தது.

வன்முறைக்கு விலை கொடுப்பது யார்? மணியாச்சிப் பக்கத்திலேயே கொடியன்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று, சாதிக் கலவரத்தைச் சாக்காக வைத்து நுழைந்த போலீஸ் ஊரையே சூறையாடியது. கிணற்றில் விஷம் கலந்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேரைத் தாமிரபரணி விழுங்கியது. வெறுங்கையோடு போனவர்களுக்கே இந்தக் கதி. ஒரே ஒரு துப்பாக்கி நம் கையில் இருந்திருந்தால், அந்தச் சாவுகளை நியாயப்படுத்த அரசுக்கு வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இங்கே போடியிலிருந்து விடியுமுன் நம் அக்காமார் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறார்கள். ஏலக்காட்டு முதலாளி இடுக்கியில், வீடு தேனி மாவட்டத்தில். விபத்து நடந்தால் எந்த மாநிலத்தில் கேட்பது என்பதே சண்டையாகிறது. அவர்கள் பறித்த காய்க்கு ஏல மையத்தில் கிலோவுக்கு விலை சொல்கிறார்கள். பறித்த கைக்கு விலை சொல்ல யாரும் இல்லை.

அந்த ஜீப்பில் ஏறுங்கள், தம்பி தங்கைகளே. பெயர்களை எழுதுங்கள், கூலிச்சீட்டு கேளுங்கள், இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்துச் சங்கம் கட்டுங்கள். மலையில் ஒரே நாளில் எல்லாக் கையும் நின்றால் முதலாளி இறங்கி வருவான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் அழிந்துவிடும்.

கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய். ஜெய்பீம்!