ஓட்டம் வேறு, ஆட்டம் வேறு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஷட்டில் ஆடும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் யோசனை: விடிகாலையில் நெடுஞ்சாலையோரம் பத்து கிலோமீட்டர் ஓடு, மூச்சு தாங்கும், கால் வேகமும் தானாக வரும். மூச்சு வரை சரி. வேகம்?

1. ஒற்றையர் ஆட்டத்தில் உங்கள் பக்கம் 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். அதற்குள் நேராக ஓட இடம் ஏது? பாய வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும்.

2. “சிந்து–ஒகுஹாரா ஆட்டம் 110 நிமிடம் போகலையா?” என்பார்கள். போனது, 2017, கிளாஸ்கோ, உலக சாம்பியன்ஷிப் பெண்கள் ஒற்றையர் இறுதி. 73 அடிகள் நீண்ட ராலிகூட அதில் உண்டு. ஆனால் 110 நிமிடமும் இடைவிடாமலா ஓடினார்கள்? சில நொடிப் பாய்ச்சல், கொஞ்சம் மூச்சு, மறுபடி பாய்ச்சல். உடம்பு பழக வேண்டியது அதற்கல்லவா?

3. ஜப்பானின் இசுமி தபாதா குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு: சைக்கிளில் 20 நொடி முழு வேகம், 10 நொடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. ஆறு வாரத்தில் மூச்சுத் திறனும், ஆக்சிஜனை நம்பாமல் உழைக்கும் திறனும் கூடின. ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்தவர்களுக்கு மூச்சுத் திறன் மட்டுமே.

4. இதையே ஆடுகளத்தில் செய்யத்தான் ஆறு மூலை ஷேடோ பயிற்சி: நடுவிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் பாய்ந்து, அடிப்பதுபோல் பாவித்துத் திரும்புவது. அதற்கு இறகுப்பந்துகூட வேண்டாம். பிறகு என்ன தயக்கம்? வேகம் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஓட்டம் வாரம் இரண்டு நாள் போதும். அதுவும் நெடுஞ்சாலையில் வேண்டாம். அது லாரி ஓடும் இடம்.