நாங்குநேரிக்கு நம் மிம்பரில் இடமில்லையா?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஒரே மாதத்தில், நாட்டின் இரு முனைகளில், இரு மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். இருவரையும் தாக்கியவை சக மாணவர்களின் கைகளே.

முதல் நிகழ்வு நம் திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற தலித் மாணவர் ஒருவர், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த பள்ளித் தோழர்களின் தொல்லை பொறுக்காமல் சில நாட்கள் பள்ளிக்குச் செல்லாதிருந்தார். ஆசிரியர்கள் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு விலையாக, அன்றிரவே அரிவாளோடு வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் உயிர் துறந்தார்.

இரண்டு வாரங்கள் கழித்து, உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்திலிருந்து ஒரு காணொளி வந்தது. வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை என்பதற்காக ஏழு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனை வகுப்பின் முன்னே நிறுத்தி, மற்றப் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக அழைத்து அறையச் செய்தார் ஆசிரியை. அவனுடைய மார்க்கத்தைச் சுட்டிய சொற்களும் அதில் இருந்தன. அச்சிறுவன் நின்றபடியே அழுதான்.

அந்த வாரம் எங்கள் மஹல்லாவின் ஜும்ஆ குத்பாவில் முசாஃபர்நகர் இடம்பெற்றது. இமாமின் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோதுதான் ஒரு கேள்வி உள்ளத்தைத் தைத்தது. ஆயிரக்கணக்கான கல் தொலைவில் நடந்த கொடுமைக்கு நாம் அழுதோம், அது கடமை. ஆனால் நம் மொழி பேசும், நம் மாநிலத்தில் வாழும் ஒரு பிள்ளையின் இரத்தம் அதே மாதத்தில் சிந்தியபோது, அதற்கு முந்தைய ஜும்ஆக்களில் ஒரு சொல்லாவது நம் மிம்பரில் ஒலித்ததா? இல்லை. அந்த மௌனம் எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை என்பதே இதில் பெரிய வெட்கம்.

நமக்குக் காயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2006ஆம் ஆண்டு வெளியான சச்சார் குழுவின் அறிக்கை, 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் நின்றுவிட்டார்கள் என்று பதிவுசெய்தது. முஸ்லிம்கள் மதரஸாக்களை நாடுவதால்தான் கல்வியில் பின்தங்குகிறார்கள் என்ற பொதுப் பேச்சையும் அதே அறிக்கை உடைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாக்களில் பயில்வோர் 4 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 2022இல் கர்நாடகத்தில், தலையை மறைத்த துணியின் பெயரால் மாணவியர் கல்லூரி வாயிலில் நிறுத்தப்பட்டதைக் கண்டோம். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அதே ஆண்டு அக்டோபரில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள். பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடில்லை என்று கதவு மூடப்படும் அனுபவம் நம்மில் பலருக்குப் புதிதன்று.

ஆகவேதான் கேட்கிறேன். அநீதியின் சுவையை இவ்வளவு நன்றாக அறிந்த ஒரு சமுதாயம், பக்கத்து வீட்டின் அநீதியை அடையாளம் காணத் தடுமாறுவது ஏன்?

"நமக்கே ஆயிரம் துன்பம் இருக்கும்போது அடுத்தவர் துன்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை கூறமாட்டேன். அந்தக் களைப்பு உண்மையானது. ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு விடை இருக்கிறது. அதுவும் நபித்துவம் கிடைப்பதற்கு முன்பே.

யமன் நாட்டின் ஸபீத் பகுதியிலிருந்து மக்காவுக்கு வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு, குறைஷித் தலைவர்களில் ஒருவர் பணம் தர மறுத்தார். வணிகருக்கு மக்காவில் கோத்திரம் இல்லை, கேட்பதற்கு ஆளில்லை. அவர் கஅபாவின் அருகே நின்று முறையிட்டார். அப்போது குறைஷியரில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும், மக்காவாசியாயினும் வெளியூராராயினும், அவருக்குரிய உரிமை கிடைக்கும்வரை அவரோடு நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்று வரலாறு போற்றும் அந்த உடன்படிக்கையில் இளைஞராக இருந்த நபியவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்று பிற்காலத்தில் கூறினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாதிக்கப்பட்டவர் குறைஷி அல்லர். அநீதி இழைத்தவர்தாம் குறைஷி. தம் இனத்தாருக்கு எதிராக, அந்நியர் ஒருவருக்காக நின்ற அந்த நிகழ்வைத்தான் நபியவர்கள் தம் வாழ்வின் மதிப்புமிக்க நினைவுகளில் ஒன்றாகப் போற்றினார்கள். நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்னும் குர்ஆனின் கட்டளையும் (4:135) இதே திசையைத்தான் காட்டுகிறது. தனக்கு மட்டும் கேட்பது நீதியாகாது; அது பங்கு கேட்பதுதான்.

நம் துன்பத்தையும் அவர்கள் துன்பத்தையும் அப்படி எளிதாகப் பிரித்துவிடவும் முடியாது. 2019ஆம் ஆண்டு மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்புப் பயின்றுவந்த பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதே காரணம் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. பாயல் ஒரு முஸ்லிம். தட்வி பீல் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் அனுபவித்ததை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அவருடைய தாயார் ஆபிதா தட்வி அந்தக் கேள்வியில் நேரத்தைச் செலவிடவில்லை. 2016இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிர்நீத்த ரோஹித் வேமுலாவின் தாயார் ராதிகா வேமுலாவோடு இணைந்து, உயர்கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பிள்ளையைப் பறிகொடுத்த இரு தாய்மார்கள் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள். நம் ஜமாஅத்துகளும் தலைவர்களும் எட்டாத இடத்தை அந்த இரு பெண்கள் எட்டிவிட்டார்கள்.

இனி நம் வீட்டுக்குள் பார்வையைத் திருப்புவோம். இது கசப்பான பகுதி.

1981ஆம் ஆண்டு பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் 180 அளவிலான தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. தில்லியிலிருந்து தலைவர்கள் வந்து காரணம் கேட்டார்கள். அம்மக்கள் தேடியது மானத்தோடு வாழும் வாழ்வை. நாமும் அந்நிகழ்வைப் பெருமையோடு மேடைகளில் சொல்லி வருகிறோம். அந்தப் பெருமைக்கு நாம் கொடுத்த விலை என்ன?

லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்ற பிரிவுகளுக்கிடையே பெண் கொடுத்துப் பெண் எடுக்கவே தயங்கும் குடும்பங்கள் நம்மிடம் இன்றும் உள்ளன. அப்படியிருக்க, புதிதாக மார்க்கத்தைத் தழுவியவரின் மகனுக்குப் பெண் கொடுக்க எத்தனை பேர் முன்வருகிறோம்? நாவிதத் தொழில் செய்த குடும்பத்தின் பிள்ளை பட்டம் பெற்ற பின்னரும், திருமணப் பேச்சில் பாட்டனாரின் தொழிலைத்தானே முதலில் விசாரிக்கிறோம்? ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். ஸலாம் கொடுத்து எழுந்ததும் தோள்கள் பிரிந்துவிடுகின்றன.

கல்வியிலும் இதன் நிழல் விழுந்தது. 2007இல் தமிழகம் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. அதன் பயன் பட்டியலிலுள்ள குறிப்பிட்ட முஸ்லிம் பிரிவினருக்கே உரியது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோர் அப்பட்டியலுக்குள் வரவில்லை. பட்டியல் சாதிக்குரிய உரிமையும் மதம் மாறியதால் அவர்களுக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அதற்குத் தடையாக நிற்கிறது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே அவர்களின் பிள்ளைகள் சான்றிதழ் இன்றி நின்றார்கள். 2024 மார்ச்சில்தான் அவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதும் ஆணையைத் தமிழக அரசு பிறப்பித்தது. சிலர் இதற்காக இடைவிடாது குரல் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் நம் பெரும் மாநாடுகளின் தீர்மானப் பட்டியலில் இக்கோரிக்கை எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதை நாம் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒரு தோழரை அவருடைய கறுப்பினத் தாயைச் சொல்லி ஏசியபோது, அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்ற கருத்தில் நபியவர்கள் கடிந்துகொண்டார்கள். அபூதர் எத்தகைய உயர்ந்த தோழர்! அவரிடமே அது ஒட்டிக்கொண்டிருந்தது என்றால், நம்மிடம் இருக்காது என்று எப்படி நினைப்பது?

முசாஃபர்நகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் செய்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்ட சிறுவனுக்கு மட்டுமல்லாமல், அடித்த பிள்ளைகளுக்கும் உளவியல் ஆலோசனை வழங்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. அதைச் செய்யத் தவறிய மாநில அரசைக் கண்டித்தது. ஆழ்ந்து நோக்கினால் இதுதான் மையம். வெறுப்போடு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை. முசாஃபர்நகரில் ஓர் ஆசிரியை அதைக் கற்பித்தார். நாங்குநேரியில் வீடும் தெருவும் கற்பித்தன. நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கும் இடம் எது? சாப்பாட்டு வேளையில் நாம் பிறரைப் பற்றிப் பேசும் பேச்சா?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுத்தல், மாணவர்களை அகர வரிசையில் அமர்த்துதல் முதலிய பரிந்துரைகள் உள்ளன. நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகள் எவர் ஆணைக்கும் காத்திராமல் இவற்றை நாளையே தொடங்கலாம். பிள்ளைகளை உடலாலோ உள்ளத்தாலோ துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. இதைப் பெற்றோர் கூட்டங்களில் எடுத்துரைக்கலாம். துன்பத்தைக் காணும் எவரும் அழைக்கக்கூடிய 1098 என்னும் எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். "இன்று என்ன மதிப்பெண்?" என்று கேட்கும் நாம், "இன்று உன் வகுப்பில் எவரையாவது ஒதுக்கினார்களா? நீ என்ன செய்தாய்?" என்றும் பிள்ளைகளிடம் கேட்கலாம்.

மிம்பரில் நிற்கும் உலமாப் பெருமக்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதோ ஓர் ஊரில் ஒரு பிள்ளை அடிபட்டதாகச் செய்தி வந்தால், அப்பிள்ளையின் பெயர் என்னவென்று பார்த்துவிட்டுக் குத்பாவைத் தீர்மானிக்க வேண்டாம். அந்த ஸபீத் வணிகரின் பெயரை நம்மில் எவரும் அறியோம். அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பது மட்டும் நபியவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நீதியில் நிலைத்து நிற்போரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.